ஈராக்கின் விளக்கும் ஈரானின் வாயுவும்

திருக்குறளில் ‘நாடு’ என்னும் அதிகாரத்தை வகுப்பிற் பாடங்கேட்டுக் கொண்டிருந்த நாளொன்றில், பிறரிடத்துத் தேடி வருந்த வேண்டாது தன்னகத்தே வளந்தருவதே நாடென்று வள்ளுவனார் வகுத்த இலக்கணத்தை எம் ஆசிரியர் விரித்துரைத்தார். அப்போது உடன் பயிலும் நண்பரொருவர் எழுந்து, “ஐயா, வளம் நிலத்தினுள் நிறைந்து கிடந்தும் அண்டை நாட்டினிடம் கைந்நீட்டி நிற்கும் நாடொன்று இருப்பின், அதனை எப்பாற்படுத்துவது?” என்று வினவினார். வகுப்பிற் சிலர் நகைத்தனர். ஆசிரியர் நகைத்திலர். “அவ்வாறு ஒரு நாடு உண்டாயின் அதன் வரலாற்றை எழுதிக் கொணர்க” என்று மட்டும் கூறிப் பாடத்தை மேலே நடத்தினார். வினவிய நண்பர் அதனை மறந்துவிட்டார். யான் மறந்திலேன். அத்தகைய நாடொன்று உண்டு, அஃது ஈராக்கு. அந்நாட்டின் மின்விளக்கு எவர் கையில் இருந்தது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறைநூலில் இதெக்கேல், ஐபிராத்து என்னும் பெயர்களால் நாம் இளமை தொட்டுக் கேட்டறிந்த தைகிரீசு, யூப்பிரத்தீசு என்னும் பேராறுகள் இரண்டும் பாயும் நிலமே ஈராக்கு. அதன் வடபகுதியிற் கிர்க்கூக்கு நகரையடுத்துப் பாபா குர்குர் என்றோரிடம் உண்டு. ஆங்கு நில வெடிப்புகளினின்று கசியும் வாயு பன்னெடுங்காலமாக எரிந்து வந்தது. தானியேல் ஆகமத்திற் கூறப்படும் அக்கினிச் சூளை அதுவே என்று கருதுவாரும் உளர். அவ்விடத்திலேதான் 1927-ஆம் ஆண்டில் எண்ணெய்க் கிணறு ஒன்று பீறிட்டெழுந்து, ஈராக்கின் செல்வ நிலையையே மாற்றிவிட்டது. பின்னர்த் தெற்கே பஸ்ரா நகரைச் சூழ அதனினும் பெரிய வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கூட்டமாகிய ‘ஓபெக்’கினுள், சவுதி அரேபியாவுக்கு அடுத்தபடி மிகுதியாக எண்ணெய் எடுக்கும் நாடு என்னும் பெயர் ஈராக்குக்குப் பல ஆண்டுகளாக நிலைபெற்றிருந்தது. இத்துணைச் செல்வமுடைய நாட்டில், கோடையின் வெப்பம் 50 பாகையைத் தொடுங்காலத்தில் மின்விசிறி நின்றுவிடுகின்றது என்று ஆண்டுதோறும் செய்தி வருமாயின், அதற்குக் காரணம் யாது?

முதற்காரணம் போர். 1991-ஆம் ஆண்டின் வளைகுடாப் போரில் ஈராக்கின் மின்னிலையங்கள் பல குண்டுவீச்சால் அழிந்தன. அவற்றைச் செவ்வனே புதுப்பிக்க இயலாதவாறு, 1990 ஆகஸ்டு முதல் 2003 வரையில் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதாரத் தடை அந்நாட்டின்மீது கிடந்தது. 2003-இல் அமெரிக்கப் படையெடுப்பும் அதன் பின் உள்நாட்டுக் கலகமும் தொடர்ந்தன. கலகத்தினிடையே எழுப்பப்பட்ட புதிய மின்னிலையங்களிற் பல இயற்கை வாயுவால் இயங்குவன. வாயுவோ எண்ணெயுடன் கலந்து கிணற்றினின்று வெளிப்படுவது. அதனைத் தனியே பிரித்து, அதிலுள்ள கந்தகத்தையும் நீரையும் நீக்கி, அழுத்திக் குழாய்வழிச் செலுத்துதற்குரிய சாலைகள் ஈராக்கிற் போதியன இருந்தில. எனவே எந்திரம் வந்துவிட்டது; அதற்குரிய உணவு வந்திலது. விருந்தினரை அழைத்துவிட்டு உலைநீருக்கு விறகு தேடும் இல்லறத்தான் நிலை இது.

விறகு அடுத்த வீட்டில் இருந்தது. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லைக்கு அப்பால் ஈரான் உள்ளது. இயற்கை வாயு இருப்பில் உருசிய நாட்டுக்கு அடுத்த இடம் ஈரானுக்கே உரியது. 2013-இல் இருநாடுகளும் வாயு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2017 ஜூன் திங்களிற் பாக்தாத் பக்கத்து மின்னிலையங்களுக்குக் குழாய்வழி வாயு வரத் தொடங்கியது. இதனோடு மின்கம்பி வழியாக மின்சாரமும் விலைக்குப் பெறப்பட்டது. ஈராக்கின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரானைச் சார்ந்தது என்று பல ஆண்டுகளாகக் கணக்கிடப்பட்டு வந்தது. அண்டை நாட்டரசன் இயல்பாகவே பகைவன், அவனுக்கு அப்பாலுள்ளவன் நண்பன் என்று கௌடிலியர் மண்டலக் கொள்கை வகுத்தார். 1980 முதல் 1988 வரையில் இவ்விரு நாடுகளும் இலட்சக்கணக்கான மக்களைப் பலிகொடுத்துப் பொருத செய்தியை நோக்குங்கால் அவர் கூற்று மெய்யெனத் தோன்றும். ஆயின் அப்போரில் எதிரெதிர் நின்றாருடைய மக்களின் வீட்டிலே, பகைவர் நாட்டு வாயுவால் விளக்கெரியும் காலமும் வந்ததே! இதற்கு நூலிற் சூத்திரம் காண்டல் அரிது.

இனி, தொலைவிலுள்ள வல்லரசு இவ்வாணிகத்திற் புகுந்தவாற்றைக் காண்போம். ஈரானின் அணுவாராய்ச்சி குறித்து 2015-இற் செய்யப்பட்ட உடன்படிக்கையினின்று 2018 மே 8-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகள் விலகிக்கொண்டன. அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாள் முதல் ஈரானின் எண்ணெய், வாயு வாணிகத்தின்மீது அமெரிக்கத் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இத்தடையின் இயல்பினை மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். இஃது அமெரிக்க வணிகரை மட்டுங் கட்டுப்படுத்துவதன்று. ஈரானோடு இவ்வாணிகஞ் செய்யும் பிறநாட்டு வங்கியாயினுங் கம்பெனியாயினும் அமெரிக்க வங்கிகளின் வாயிலினின்று விலக்கப்படும் என்பதே அதன் உயிர்நிலை. உலக வாணிகம் பெரும்பாலும் டாலர் நாணயத்தில் நடைபெறுதலின், அவ்வாயில் அடைபட்ட வங்கி வேறெங்கும் புகுதல் அரிது. போர்க்கப்பல் ஒன்றும் அனுப்ப வேண்டுவதில்லை. கணக்கேட்டில் ஒரு கோடு கிழித்தால் அமையும்.

ஈராக்கின்மீது இவ்விதியை அவ்வாறே செலுத்தியிருப்பின், பாக்தாத் நகரில் இருள் சூழ்ந்திருக்கும். 2003-க்குப் பின் அமெரிக்கர் தாமே துணைநின்று அமைத்த ஆட்சியும் அவ்விருளிற் கவிழ்ந்திருக்கும். ஆதலின் தடையினின்று ஈராக்குக்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கோ நிலையானதன்று, நாட்கணக்குடையது. 2018 நவம்பரில் முதலில் 45 நாட்களுக்கு அளித்தனர். டிசம்பரில் அது 90 நாட்களுக்கு நீடிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் மீண்டும் 90 நாட்கள். அவ்வாண்டு ஜூனில் 120 நாட்கள். 2020 ஜனவரி 3-ஆம் நாள் ஈரானின் படைத்தலைவர் காசிம் சுலைமானி பாக்தாத் விமான நிலையத்தருகே அமெரிக்கத் தாக்குதலிற் கொல்லப்பட்டார். அதன் இரண்டாம் நாள், அயல்நாட்டுப் படைகள் வெளியேற வேண்டுமென்று ஈராக்கின் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பின்னர் வந்த விலக்கின் அளவைப் பாருங்கள்: பிப்ரவரியில் 45 நாட்கள், மார்ச்சில் 30 நாட்கள், ஏப்ரலில் மீண்டும் 30 நாட்கள். மே திங்களில் முஸ்தபா அல்-காதிமி என்பார் பிரதம மந்திரியாகப் பதவியேற்றார். அவர் அமெரிக்கருக்கு உவப்பானவர் எனக் கருதப்பட்டவர். உடனே விலக்கு 120 நாட்களாக வளர்ந்தது.

இவ்வெண்களை ஒருவரிசையில் வைத்து நோக்கிய பின்னரே யான் எழுத எண்ணிய பொருள் எனக்குத் தெளிவாயிற்று. தடை என்பது ஒருமுறை போடப்படுவது. அதனாற் துன்புறுவோர் நாளடைவில் வேறு வழி தேடிக்கொள்வர். அல்லது துன்பத்திற்குப் பழகிவிடுவர். விலக்கோ திரும்பத் திரும்பக் கேட்டுப் பெறவேண்டியது. நாள் முடியுமுன் தூதர் செல்லல் வேண்டும். அந்நாள்வரை செய்த காரியங்களுக்குக் கணக்குச் சொல்லல் வேண்டும். இனிச் செய்வேம் என்று வாக்குக் கொடுத்தல் வேண்டும். ஆகலின் அமெரிக்கர் கையில் ஈராக்கின்மேல் வலியுடைய கருவியாக இருந்தது தடை அன்று, விலக்கே என்பது என் துணிபு. குத்தகை நிலத்தை ஆண்டுக்கு விடும் மிராசுதாரருக்கும் திங்களுக்குத் திங்கள் விடும் மிராசுதாரருக்கும் முன்னே குடியானவன் நிற்கும் நிலை ஒருபடித்தாய் இராதென்பதை நம் ஊர்ப்புறத்தார் நன்கறிவர்.

விலக்குக் கிடைத்தவுடன் வாணிகம் தடையின்றி நடந்ததோ எனின், அதுவும் இல்லை. வாயு குழாயில் வந்தது. விலைப்பணம் ஈரானுக்குச் சென்றிலது. ஈராக்கின் எண்ணெய் விற்ற வருவாய் 2003 முதல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கணக்கின் வழியாகவே வந்து சேர்கின்றது. ஆண்டுக்குப் பல்லாயிரங் கோடி டாலர் ஈட்டும் நாடு தன் பணப்பெட்டியின் திறவுகோலைத் தான் வைத்திருக்கவில்லை என்றால் மிகையாகாது. ஈரானுக்குரிய வாயு விலை, ஈராக்கு வாணிக வங்கி என்னும் அரசாங்க வங்கியில் ஈரானின் பெயராற் போடப்பட்டது. அதனை ஈரான் பணமாக எடுத்துச் செல்லல் இயலாது. உணவு, மருந்து முதலாகத் தடைப்படாத பொருள்களை வாங்கும் பொருட்டு மட்டுமே, அதுவும் அமெரிக்க இசைவு பெற்று, செலவிடலாம். ஆகவே விற்றவன் விற்றும் பெற்றிலன். வாங்கியவன் கொடுத்தும் கடனாளியாகவே நின்றான். 2023 ஜூன் திங்களில் இவ்வாறு தேங்கிக் கிடந்த தொகையினின்று ஏறத்தாழ 276 கோடி டாலரை விடுவிக்க அமெரிக்க அரசாங்கம் இசைந்தது என்னும் செய்தியினின்று அத்தேக்கத்தின் அளவை ஒருவாறு உணரலாம்.

பெறாத விலைக்கு எத்தனை நாள் பண்டம் அளப்பது? ஈரான் குழாயின் திருகை முறுக்கலாயிற்று. 2020 டிசம்பர்த் திங்களிறுதியில், நாளொன்றுக்கு 5 கோடி கன மீட்டர் வந்துகொண்டிருந்த வாயு 50 இலட்சமாகக் குறைக்கப்பட்டது என்று ஈராக்கின் மின்சார இலாகா அறிவித்தது, பத்திலொரு பங்கு! 2023 ஜூலைத் தொடக்கத்தில், கோடையின் உச்சியில், மீண்டும் பாதிக்கு மேற்பட்ட வாயு நின்றது. அப்போது பிரதம மந்திரியாயிருந்த முகம்மது ஷியா அல்-சூடானி, பணத்திற்கு மாறாக எண்ணெயையே கொடுத்து வாயு பெறுவதாகப் பண்டமாற்று ஒப்பந்தம் ஒன்றை அத்திங்கள் 11-ஆம் நாள் அறிவித்தார். உப்புக்கு நெல் மாற்றிய நெய்தல் நில உமணரை நாம் சங்க நூல்களிற் காண்கின்றோம். இருபத்தொன்றாம் நூற்றாண்டில், வங்கிகள் மலிந்த உலகில், இரு பெருநாடுகள் அம்முறைக்கே திரும்ப நேர்ந்தது வியப்பன்றோ? இவ்வறிவிப்பு வெளிவந்த சின்னாட்களில் அமெரிக்கர் விலக்கை விரித்து, அத்தொகையை ஓமான் முதலிய வேற்று நாட்டு வங்கிகளுக்கு மாற்றலாமென இசைந்தனர். பண்டமாற்றைவிட அஃது அவர்களுக்கு மேலாகத் தோன்றியிருத்தல் வேண்டும்.

இவ்வரசியல் ஆட்டத்திற் காயாக உருட்டப்பட்டோர் யாவர் என்பதையும் நினைத்தல் நம் கடன். ஈராக்கின் நகர்களில் தெருவுக்குத் தெரு தனியார் மின்னாக்கும் எந்திரம் ஒன்றுண்டு. அரசாங்க மின்சாரம் நின்றவுடன் அது முழங்கத் தொடங்கும். அதன் உடைமையாளரிடம் வீட்டார் ஆம்பியர் கணக்கில் திங்கள்தோறும் பணங்கட்டிக் கம்பி இழுத்துக்கொள்வர். இரண்டு ஆம்பியர் வாங்க வல்லவர் விளக்கும் விசிறியும் வைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனம் வேண்டுவோர் அதனினும் மிக வாங்கல் வேண்டும். அரசாங்கக் கட்டணம் ஒன்று, எந்திரக் கட்டணம் ஒன்று என ஒரு விளக்குக்கு இருமுறை விலை கொடுக்கும் குடும்பங்கள் அவை. தேர்வுக்குப் படிக்கும் மாணவன் எந்திரத்தின் ஒலியிற் படிக்கின்றான்; ஆம்பியர் குறைந்த வீட்டுக் குழந்தை வெக்கையில் உறங்காது அழுகின்றது. நம் விடுதியில் ஓரிரவு மின்சாரம் நின்றால் நாம் எழுப்பும் ஆரவாரம் எனக்கு நினைவுக்கு வருகின்றது; ஈண்டு அதனைக் கூறுதற்கே நாணுகின்றேன்.

பஸ்ராவில் 2018-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இன்னுங் கொடிது. அமெரிக்கத் தடை மீளுமுன்னரே, அவ்வாண்டு ஜூலையில், பழைய பாக்கியையும் தன் நாட்டுத் தேவையையுங் காரணங் காட்டி ஈரான் தன் மின்சாரத்தை நிறுத்தியது. குடிநீரும் கெட்டது, அவ்வாண்டுக் கோடையிறுதியில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் நீரால் வந்த நோயால் மருத்துவச்சாலைகளுக்கு வந்தனர். மக்கள் தெருவில் இறங்கினர். செப்டம்பர் 7-ஆம் நாள் அந்நகரிலிருந்த ஈரானின் தூதரக அலுவலகத்திற்குத் தீயிட்டனர். ஈரானும் பஸ்ராவும் ஒரே சமயப் பிரிவினரை மிகுதியாக உடையன. ஆதலின் மக்கள் ஈரானின்பாலே நிற்பர் என்று எண்ணியோர் பலர். இருட்டும் தாகமும் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கின. நீர்க்கேட்டிற்கு ஈரான் ஒன்றே காரணம் என்று கூறுதல் நேர்மையன்று. ஈராக்கு அதிகாரிகளின் மெத்தனமும் ஊழலுமே பெருங்காரணம். ஆயினும் சினங்கொண்ட மக்கள் தராசு கொண்டு நிறுத்துப் பார்ப்பதில்லை.

ஈண்டு ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகின்றேன். 1990 முதல் தடைக்குட்பட்டிருந்த நாடு ஈராக்கே என்று மேலே கூறினேன். அக்காலத்தில் அதன் அண்டை நாடாகிய ஜோர்தான் தன் எண்ணெய்த் தேவைக்கு ஈராக்கையே நம்பியிருந்தது. லாரிகளில் ஈராக்கின் எண்ணெய் பாலைநிலச் சாலைவழியே ஜோர்தானுக்குச் சென்றுகொண்டிருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் தடைக் குழு அதனை அனுமதித்ததாகவும் எழுதவில்லை, விலக்கியதாகவும் எழுதவில்லை. ஜோர்தான் அறிவித்ததைத் தான் ‘குறித்துக்கொண்டதாக’ மட்டும் 1991-இல் எழுதி அமைந்தது. துருக்கியோ கிர்க்கூக்கினின்று தன் கடற்கரைக்கு வரும் எண்ணெய்க் குழாயை 1990 ஆகஸ்டில் அடைத்தது. அது மீண்டும் திறந்தது 1996 டிசம்பரில். ஒரே தடை, ஒரே நாட்டின்மீது. அண்டை நாடு ஒன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்ட தயவு, மற்றொன்றுக்கு ஆறாண்டு இழப்பு. அன்று தடைப்பட்டவன் இடத்தில் நின்ற ஈராக்கு, பின்னர் அண்டை வீட்டான் இடத்தில் நின்றது. ஒரு நாடு இரண்டிடத்தும் நின்று பார்த்த நிலை வேறெங்கேனும் உளதோ என்று தேடினேன், எளிதிற் கிடைத்திலது.

அமெரிக்கர் பக்கத்து வழக்கையும் கூறுதல் முறை. ஈரானுக்குச் செல்லும் பணம் ஈராக்கிலேயே அரசாங்கத்தை மதியாத படைக்குழுக்களை வளர்க்கப் பயன்படுகின்றது என்பது அவர் கூற்று. அக்குழுக்கள் இல்லையென்று எவருங் கூறார். ஓர் அண்டை நாட்டையே நம்பியிருத்தல் ஈராக்கின் உரிமைக்குக் கேடு என்பதும் அவர் வாதம். 2020, 2023-ஆம் ஆண்டுகளிற் குழாய் முறுக்கப்பட்டதே அதற்குச் சான்றாகும். ஈரானியர், “விற்ற பண்டத்தின் விலையைக் கேட்டல் குற்றமோ?” என்பர். அதுவும் வழக்கே. இரண்டும் வழக்காயிருக்க, இருவர் வழக்கின் செலவையும் மூன்றாமவன் கொடுத்து வருதலே எனக்குப் பொருந்தாததாய்த் தோன்றுகின்றது. உன் அண்டை வீட்டில் நெருப்பு வாங்காதே என்று விலக்குபவன், வேறு நெருப்புக்கு வழி செய்த பின்னரன்றோ விலக்குதல் வேண்டும்?

வழி சில முயலப்பட்டன. ஜோர்தானிலிருந்து மேற்கே ருத்பா என்னும் ஊருக்கு 2024 வசந்தத்தில் மின்சாரம் வந்தது. முதலில் 40 மெகாவாட்டு. துருக்கியிலிருந்து வடமாகாணங்களுக்கு 300 மெகாவாட்டு வரத்தக்க கம்பி அவ்வாண்டு ஜூலையில் இணைந்தது. வளைகுடா நாடுகளின் மின்வலையோடு பஸ்ராவை இணைக்கும் ஏற்பாடு 2022-இல் கையெழுத்தாகிப் பின்னும் நாட்கடந்தது. 2024, 2025-ஆம் ஆண்டுகளின் கோடையில் ஈராக்கின் தேவை 40,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டதென்பதை நினைத்தால் இவை எம்மாத்திரம்? துருக்குமேனிய நாட்டின் வாயுவை ஈரான் வழியாகப் பெற 2024 அக்டோபரில் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாள்தோறும் 2 கோடி கன மீட்டர் வரக்கூடியது அது. ஆயினும் வழி ஈரானுடையதாதலின் அமெரிக்கர் இசைவு வேண்டியிருந்தது. 2025-இல் அவ்விசைவு கிட்டாமல் அது தடைப்பட்டது. ஈரானைச் சாராதிருக்க வேண்டுமென்போரே ஈரானைச் சிறிதே சாரும் வழியையும் அடைத்தனர்.

எஞ்சிய வழி ஈராக்கின் நிலத்திலேயே உள்ளது. எண்ணெயோடு வெளிவரும் வாயுவைப் பிரித்தெடுக்கச் சாலை இல்லாமையாற் கிணற்றருகே உயர்ந்த குழாயின் நுனியில் அதனைக் கொளுத்திவிடுகின்றனர் என்று முன்னே குறிப்பாகச் சொன்னேன். இவ்வாறு வாயுவை வீணே எரிக்கும் நாடுகளுள் உருசியா, ஈரான் முதலியவற்றோடு ஈராக்கும் முன்வரிசையில் நிற்கின்றது. உலக வங்கி துணைக்கோளின் வாயிலாகக் கணக்கெடுத்து வெளியிடும் அறிக்கைகளின்படி, 2022, 2023-ஆம் ஆண்டுகளில் ஈராக்கு ஆண்டொன்றுக்கு எரித்தது ஏறத்தாழ 1,800 கோடி கன மீட்டர். ஈரானோடு 2024 மார்ச்சில் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த ஒப்பந்தத்தின்படி ஈராக்கு பெறக்கூடிய பேரளவு நாளொன்றுக்கு 5 கோடி கன மீட்டர். இதனை 365-ஆற் பெருக்கினால் 1,825 கோடியாகும்.

பெருக்கிப் பார்த்த யான் பிழை செய்தேனோ என்று ஐயுற்று, கணித வகுப்பு நண்பரிடம் தாளைக் கொடுத்தேன். அவர் சரியே என்றார். வீணே எரிப்பதும் விலைக்கு வாங்குவதும் அளவால் ஒன்று! எரியும் வாயு முழுவதையும் உடனே மின்னிலையத்துக்குத் திருப்பிவிடலாம் என்று எண்ணிவிடுதல் கூடாது. கிணறுகள் சிதறிக் கிடக்கின்றன; அழுத்தும் எந்திரமும் குழாயும் சுத்திகரிப்புச் சாலையும் ஆண்டுக்கணக்கிற் கட்டவேண்டியன. பஸ்ரா வாயுக் கம்பெனி 2013 முதல் இவ்வேலையைச் செய்து வந்துள்ளது. பிரெஞ்சு நாட்டுத் தோத்தால் கம்பெனியோடு 2,700 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் 2023 ஜூலையிற் கையெழுத்தாயிற்று. 2028-ஆம் ஆண்டுக்குள் எரிப்பதை நிறுத்திவிடுவதாக ஈராக்கு அரசாங்கம் கூறியது. 2003-க்குப் பின் கழிந்த இருபது ஆண்டுகளில் இவ்வேலை முன்னரே முடிந்திருக்கலாகாதோ என்னும் வினாவுக்கு அமெரிக்கரும் விடை சொல்லவேண்டும், ஈராக்கியரும் விடை சொல்லவேண்டும். குழாயின் மறுமுனையிலிருந்து வாங்குவோர் இருக்குந்துணையும் இம்முனையில் எரிவது நிற்பதனால் ஈரானுக்கு ஊதியமில்லை என்பதையும் மறத்தலாகாது.

2025 பிப்ரவரி 4-ஆம் நாள் அமெரிக்கத் தலைவர் டிரம்பு, ஈரானின்மீது பேரழுத்தம் செலுத்துமாறு ஆணையிட்டார். அதன்படி மார்ச்சு 8-ஆம் நாளோடு முடிந்த மின்சார விலக்கு நீடிக்கப்படவில்லை. நேரே கம்பிவழி வரும் மின்சாரம் ஈராக்கின் தேவையில் நூற்றுக்கு நான்களவே என்று அமெரிக்கத் தூதரகத்தார் கூறினர். வாயுவின் செய்தி அவ்வாணையில் உட்பட்டதோ அன்றோ என்று பாக்தாத்தில் சில நாட்கள் பெருங்கலக்கம் நிலவியது. அதற்கு முன்னைக் குளிர்காலத்தில், 2024 நவம்பரில், குழாய் செப்பனிடுவதாகக் கூறி ஈரான் வாயுவை நிறுத்தியபோது 5,500 மெகாவாட்டு இழந்த அனுபவம் அவர்களுக்குப் புதிதாயிருந்தது. அவ்வாண்டுக் கோடையில், ஆகஸ்டு 12-ஆம் நாள், வெப்பமும் மின்சுமையும் ஒருங்கே மிகுந்து நடு ஈராக்கிலும் தென் ஈராக்கிலும் மின்வலை முழுவதும் அறுந்து நகர்கள் இருண்டன. தெருமுனை எந்திரங்கள் மட்டும் முழங்கின. பஸ்ராவின் புறத்தே எண்ணெய் வயல்களிற் குழாய்நுனித் தீ வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது.